தடை முடியும் தேதி

பல்கலைக்கழக நூலகத்தில் அவளை எல்லோரும் சீல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வரும் புத்தகங்களுக்கு நூலக முத்திரை குத்தும் மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கேயே பதினொரு வருடம் ஓடியது. அப்புறம் ஆய்வேட்டுப் பிரிவின் பொறுப்பு வந்தது, பதவியின் பெயர் இரண்டு தடவை மாறியது, கூப்பிடும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தலைமை நூலகரே ஒரு கூட்டத்தில் வாய் தவறி "சீல் அக்கா சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு, இருமி மழுப்பினார்.

அந்த வருடம் நூலகத்துக்குப் புதிதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் இதுவரை முனைவர் பட்டத்துக்காகச் சமர்ப்பிக்கப்பட்ட நாலாயிரத்துச் சொச்சம் ஆய்வேடுகளையும் ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கும்படி ஒரு களஞ்சியம் அமைக்க வேண்டும். கீழ்த்தளத்தில் பழைய செய்தித்தாள் அறையை ஒழித்து இரண்டு ஸ்கேனர்களை இறக்கினார்கள். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மூலையில் நாள் முழுக்க முனகியது. கணினிப் பிரிவிலிருந்து ஓர் இன்ஜினியரை அனுப்பினார்கள். நாற்பது வயது, இடுப்பு வலிக்குப் பட்டை கட்டியவர்.

"அக்கா, இந்த சர்வருக்குப் போட்டிருக்குற ஏசி எங்க வீட்டுல எனக்குக் கிடையாது," என்றார் முதல் நாளே. "அடுத்த பிறவியில சர்வராப் பொறக்கணும்."

ஸ்கேன் செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால் இருக்கும் வேலைதான் ஆளைக் கொல்லும். ஆய்வேட்டை எழுதியவரிடம் ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும். பழைய முகவரிகளுக்குப் போட்ட கடிதங்கள் பாதிக்குப் பாதி திரும்பி வந்தன. சிலர் இறந்துபோயிருந்தார்கள். ஒருவர் போனில், "அதையா போடப் போறீங்க? வேண்டாம்மா, என் பொண்ணு படிச்சா மானம் போயிடும்," என்று கெஞ்சினார். சீல் அக்கா மூன்று பட்டியல் வைத்திருந்தாள். வெள்ளையில் இருப்பதை உடனே ஏற்றலாம். மஞ்சளில் இருப்பவை ஒப்புதலுக்காகக் காத்திருப்பவை. சிவப்பு, தடை போடப்பட்டவை. காப்புரிமைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ துறையே கடிதம் கொடுத்து, இத்தனை வருடத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாது என்று நிறுத்திவைத்த ஆய்வேடுகள் அவை. மொத்தம் முப்பத்தெட்டு. அவளுடைய மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் கிடந்தன. சாவி அவளிடம்தான்.

வீட்டிலும் அவளுக்கு ஓய்வு கிடையாது. கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் கால் வீங்கி, முகம் ஊதி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போய்விட்டதாகச் சொன்னார்கள். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, குடிப் பழக்கமும் இல்லை. "சில பேருக்கு ஏன்னே தெரியாம வரும்," என்று டாக்டர் கையை விரித்தார். ஐந்து வருடமாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காகவே பதினைந்து வருடம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மாடிப் பகுதிக்கு வந்தார்கள். லிஃப்ட் இல்லாத மாடி. "நாப்பது கட்டடத்துல லிஃப்ட் போட்டவனுக்கு நாப்பது படி," என்று அவர் முதல் நாள் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் சொன்னார். ஒரே மகள் வேறு ஊரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள்.

களஞ்சியத்தைத் துணைவேந்தர் திறந்துவைப்பதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, தலைமை நூலகர் சீல் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார்.

"எண்ணிக்கை எவ்வளவு ஆச்சு?"

"தொள்ளாயிரத்து எழுபது சார்."

"ஆயிரம்னு அழைப்பிதழ்ல போட்டாச்சே. அந்தத் தடை பீரோவப் பாருங்க. தேதி முடிஞ்சது நிறைய இருக்கும். அதையெல்லாம் ஏத்திடுங்க."

அப்படித்தான் அந்த பீரோ திறந்தது. பல வருடமாகத் திறக்காத கதவு; கீல் துருவேறி, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. சில கட்டுகளின் துறை உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. ஒரு வாரத்தில் பத்து ஆய்வேடுகளை ஸ்கேன் செய்துவிட்டார்கள். பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, எழுத்து மங்கியிருக்கிறதா என்று திரையில் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்ப்பது சீல் அக்காவின் வேலை. படிக்க மாட்டாள். பக்க எண்ணைப் பார்ப்பாள், ஓரத்தைப் பார்ப்பாள், அடுத்ததைத் தட்டுவாள்.

பதினோராவது ஆய்வேடு வந்த நாள் புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். 'ஒரு தொழிற்பகுதியின் ஆழமற்ற நிலத்தடி நீரில் கன உலோகங்களின் பரவல்' என்று தலைப்பு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவி எழுதியது. நான்காவது பக்கம் கொஞ்சம் மங்கலாக விழுந்திருந்தது. மறுபடி ஸ்கேன் பண்ண வேண்டுமா என்று பார்க்க அதைப் பெரிதாக்கினாள். நன்றியுரைப் பக்கம். வழிகாட்டிப் பேராசிரியருக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி, சைக்கிள் இரவல் கொடுத்த தோழிக்கு நன்றி. அதற்குக் கீழே இப்படி இருந்தது: "மூன்றாம் குறுக்குத் தெருவில், பச்சைக் கேட் போட்ட வீட்டில், மாதாமாதம் முகம் சுளிக்காமல் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, உட்கார நாற்காலியும் போட்ட லிஃப்ட் மெக்கானிக் அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் நன்றி."

அந்த அண்ணி அவள்தான்.

அவளுக்கு அந்தப் பெண் உடனே ஞாபகத்துக்கு வந்தாள். ஒல்லியாக, தோளில் ஒரு குளிர்பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவாள். கையுறை மாட்டிக்கொண்டு, பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று தடவை அலசிவிட்டுத்தான் பிடிப்பாள். "பாட்டில் பொண்ணு வந்தாச்சு, மாசம் பொறந்துடுச்சு," என்று கணவர் உள்ளே குரல் கொடுப்பார். முடிவு வந்ததும் சொல்கிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். பதினெட்டு மாதம் வந்தாள். அப்புறம் வரவில்லை. படிப்பு முடிந்திருக்கும், கல்யாணமாகியிருக்கும் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சீல் அக்கா அந்த ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். புரியாத பகுதிகளைத் தாண்டினாள். ஊருக்குத் தெற்கே, உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது. அதைச் சுற்றியிருந்த நாற்பது ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் பற்றியது அந்த ஆய்வு. ஆறாவது அத்தியாயத்தில் அட்டவணை. மாதிரி எண் பதினான்கு: மூன்றாம் குறுக்குத் தெரு, பச்சைக் கேட் வீடு, ஆழம் அறுபது அடி, குடிக்கவும் சமைக்கவும் பயன்படுகிறது. காட்மியம் என்ற நச்சு உலோகம், அனுமதிக்கப்பட்ட அளவைப் போல ஒன்பது மடங்கு. நீண்ட காலம் உடம்பில் சேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது சிறுநீரகம் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது.

அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அவர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. குழாய்த் தண்ணீர் மாதிரி மருந்து வாடை அடிக்காது. விருந்தாளிகள் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்பார்கள்.

கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள். பதினொன்று முதல் பத்தொன்பது வரையுள்ள கிணறுகளின் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை உடனடியாக நிறுத்த வேண்டும். 'உடனடியாக' என்ற சொல்லின் மேல் பாதியை நூலக முத்திரை மறைத்திருந்தது. ஊதா மை, இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. வேறு யாரும் அப்படிச் சாய்த்துக் குத்த மாட்டார்கள்.

"என்னக்கா, பக்கம் போச்சா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"இல்ல. எல்லாம் சரியா இருக்கு."

அவள் மேலே போய்த் தடைப் பதிவேட்டை எடுத்தாள். நீளமான நோட்டு, எல்லாப் பக்கமும் அவள் கையெழுத்து. ஆய்வேட்டின் எண், துறை, தடைக்கான காரணம், தடை முடியும் தேதி. காரணம் என்ற இடத்தில் 'ஆய்வகத்துக்கு உதவிய நிறுவனத்தின் வேண்டுகோள்' என்று துறைக் கடிதத்தில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தாள். மூன்று வருடத் தடை. அது முடிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அவள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். தடை முடிந்தபோது கணவர் சுவர் ஏறிக் குதிக்கிற மாதிரி இருந்தார். அதற்குப் பிறகு மூன்று வருடம் கழித்துத்தான் கால் வீங்கியது. வீங்கிய பிறகும் ஒரு வருடம் அதே வீட்டில், அதே தண்ணீர். "நிறையத் தண்ணி குடிங்க, எல்லாம் சரியாயிடும்" என்று இவளே செம்பில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், முதல் இரண்டு மாதம், டாக்டரிடம் போகும் முன்னால்.

பீரோவுக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவே இரண்டடி தூரம்கூட இருக்காது.

தடை முடிந்தவற்றை எடுத்து அலமாரியில் வைக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்று இல்லை. யாரும் கேட்டு வரவில்லை, அவளும் பார்க்கவில்லை. அதைத் தவிர வேறு காரணம் ஒன்றும் அவளுக்குக் கிடைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

ஒப்புதல் படிவத்துக்காக அந்த மாணவியைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேறு ஊரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தாள். சீல் அக்கா நூலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஆய்வேட்டின் தலைப்பைப் படித்துக் காட்டினாள்.

"அது இன்னும் இருக்கா மேடம்?"

"இருக்கு. களஞ்சியத்துல போட உங்க ஒப்புதல் வேணும்."

"தாராளமாப் போடுங்க. படிவத்தை அனுப்புங்க, இன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." அப்புறம் அவளாகவே பேசினாள். "மூணு வருஷம் வெளியில யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க மேடம். அதுக்கு அப்புறம்தான் வாய்மொழித் தேர்வுக்கே தேதி குடுத்தாங்க. எனக்கு அப்ப இருபத்தேழு வயசு, வீட்டுல நெருக்கடி. கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு வருஷம்தானே, அப்புறம் தானாவே வெளிய வந்துடும், யாராவது படிச்சு ஏதாவது பண்ணுவாங்கன்னு நெனச்சேன். லைப்ரரி பாத்துக்கும்னு நெனச்சேன்."

சீல் அக்கா போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தெருவுல ஒரு லிஃப்ட் மெக்கானிக் அண்ணன் இருந்தாரு," என்றாள் டீச்சர். "போனதும் நாற்காலி போடுவாரு. எப்படி இருக்காரோ."

"இருக்கார்," என்றாள் சீல் அக்கா.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும்."

டீச்சர் அதற்கு மேல் கேட்கவில்லை. புரிந்திருக்குமோ என்னவோ. படிவம் அன்று சாயங்காலமே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை டயாலிசிஸ் அறையில் அவள் கணவரிடம் சொன்னாள். வேறு இடத்தில் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. வீட்டில் சொன்னால் அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடலாம். இங்கே நாலு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருக்க வேண்டும். அப்படி யோசித்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. எதையும் விடாமல் சொன்னாள். பாட்டில் பொண்ணு, அட்டவணை, தேதி, பீரோ.

அவர் இயந்திரத்தில் சுழலும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் எதைப் பார்த்தாலும் அவர் கண் அங்கேதான் போகும்.

"உன்கிட்டயா இருந்துச்சு?" என்றார்.

"என்கிட்டதாங்க."

"ஒன்பது வருஷமா?"

"மொத்தம் பன்னண்டு. ஒன்பது வருஷம் சும்மா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்தாள். நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனாள். அரை மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"பாப்பாவும் அந்தத் தண்ணியிலதான வளந்தா?"

"ஆமா."

"அவளுக்கு முதல்ல பாக்கச் சொல்லு." கொஞ்ச நேரம் கழித்து, "எதிர்வீட்டு டெய்லர் அக்கா இன்னும் அங்கதான இருக்காங்க?" என்றார்.

அவளைத் திட்டவில்லை. அன்றைக்குப் படியேறும்போது நாற்பது படி பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. மேலே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவள் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனபோது, "நானே வர்றேன்," என்றார்.

திங்கட்கிழமை அவள் ஆய்வேட்டைக் களஞ்சியத்தில் ஏற்றினாள். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. தடை முடிந்துவிட்டது, எழுதியவர் ஒப்புதல் தந்துவிட்டார். விவரக் குறிப்பில், தேடுபவர்கள் கண்ணில் படும்படி, தெருவின் பெயரையும் பட்டறை இருக்கும் பகுதியின் பெயரையும் சேர்த்தாள். இதை வேறு எந்த ஆய்வேட்டுக்கும் அவள் செய்ததில்லை. 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தியதும் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது, வழக்கமாக வருவதுதான்.

மறுநாள் டயாலிசிஸுக்காக வாங்கியிருந்த விடுமுறையில், கணவரை அறையில் விட்டுவிட்டு, அட்டவணையையும் கடைசிப் பக்கத்தையும் இருபது பிரதி எடுத்துக்கொண்டு பழைய தெருவுக்குப் போனாள். பச்சைக் கேட்டுக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "காலி பண்ணிட்டுப் போனவளுக்கு இந்தத் தெருவுல என்ன வேலை? இதைப் பாத்தா நாளைக்கு எவன் குடி வருவான்?" என்று திருப்பிக் கொடுத்தாள். வேறு இரண்டு வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், "இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனிமே என்ன," என்று சொல்லிக்கொண்டே தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

டெய்லர் அக்கா எதிர்வீட்டு முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சீல் அக்காவைவிட ஆறு வயது மூத்தவள். இவள் மகளின் பள்ளிச் சீருடை எல்லாம் அவள் தைத்ததுதான். பதினைந்து வருடம், சர்க்கரையிலிருந்து சண்டை வரை, எல்லாவற்றையும் தெருவைத் தாண்டிப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். மெஷினை மிதிக்கிற கால் கணுக்கால் தெரியாமல் வீங்கியிருந்ததை சீல் அக்கா வாசலிலிருந்தே பார்த்தாள்.

"வா வா. ஆளே மறந்துட்டியோன்னு பாத்தேன். லிஃப்டு எப்படி இருக்காரு?"

சீல் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். டெய்லர் அக்கா துணியை ஊசிக்கடியில் அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"போன வாரம்."

"இந்தப் புக்கு எப்ப வந்துச்சு?"

"பன்னண்டு வருஷம் ஆச்சு."

"இத்தன நாளு யாரு வெச்சிருந்தா?"

இந்த இடத்தில் துறை என்று சொல்லியிருக்கலாம். பட்டறைக்காரர்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய்யில்லை.

"நான்தான்க்கா. என் பீரோவுலதான் இருந்துச்சு. மூணு வருஷத்துல எடுத்து வெளிய வெக்க வேண்டியது. நான் பாக்கல."

டெய்லர் அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. அளவெடுக்கிற மாதிரி இருந்தது. பிறகு குனிந்து துணியைச் சரிசெய்தாள்.

"இந்த ஓரத்தை முடிச்சுட்டு வர்றேன். நீ போ."

"அக்கா, கால் வீங்கியிருக்கே. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு..."

"போன்னு சொன்னேன்ல."

மெஷின் ஓட ஆரம்பித்தது. சீல் அக்கா வெளியே வந்து எதிர்ச்சுவர் நிழலில் கால் மணி நேரம் நின்றாள். ஓரம் தைக்கிற சத்தம் நிற்கவேயில்லை. தாளை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

திறப்பு விழா நல்லபடியாக நடந்தது. துணைவேந்தர் மடிக்கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினார், திரையில் பூக்கள் உதிர்ந்தன, எல்லோரும் கைதட்டினார்கள். 'அறிவு எல்லோருக்கும்' என்று மேடைக்குப் பின்னால் துணியில் எழுதியிருந்தது. அதற்கு நாலாம் நாள் தலைமை நூலகர் அவளைக் கூப்பிட்டார். மேசை மேல் துறைத் தலைவரின் கடிதம் ஒன்றும், பதிவாளரின் குறிப்பு ஒன்றும் இருந்தன.

"இந்தத் தண்ணி ஆய்வேட்டை எடுத்துடுங்க. மறு ஆய்வு பண்ணணும்னு துறையில சொல்றாங்க."

"தடை முடிஞ்சுடுச்சு சார். ஒப்புதலும் இருக்கு. தடை முடிஞ்சத ஏத்தச் சொன்னது நீங்கதான்."

"சொன்னேன். எதை ஏத்துறோம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அந்தப் பட்டறை முதலாளி ஆட்சிக் குழுவுல இருக்கார்மா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"நீங்களே எடுத்துட்டா, ஏதோ தவறுதலா ஏறிடுச்சுன்னு முடிச்சுடலாம்."

"தவறுதலா உள்ள இருந்துச்சு சார்," என்றாள் அவள். "நான் எடுக்க மாட்டேன்."

"உங்க வீட்டு நெலமை எனக்குத் தெரியும். அதனாலதான் பொறுமையாப் பேசுறேன்."

"அந்தத் தண்ணிதான் சார் எங்க வீட்டு நெலமை."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் என்னம்மா பண்ணுவேன்," என்றார் வெளியே பார்த்தபடி.

கடைசியில் இன்ஜினியரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "மறைக்கலாம் சார். ஆனா தலைப்பும் பேரும் நிக்கும், கோப்பு மட்டும் வராது. அது இந்த மென்பொருளோட அமைப்பு," என்றார். ஒரு விஷயத்தை அங்கே சொல்லாமல், கீழே வந்து சீல் அக்காவிடம் சொன்னார். "இந்தப் பதினெட்டு நாள்ல இருநூத்திப் பன்னண்டு தடவை இறக்கியிருக்காங்கக்கா. நம்ம களஞ்சியத்துலயே இதுதான் அதிகம். எடுத்தவங்க எடுத்துட்டாங்க."

மறு வாரம் அவளைப் பழைய சஞ்சிகைகள் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. பீரோ சாவியை ஒப்படைக்கும்போது ரசீதில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டாள். போவதற்கு முன்னால், தடை முடிந்தும் பீரோவிலேயே இருந்த மற்ற ஆய்வேடுகளின் பட்டியலைத் தட்டச்சு செய்து, எழுதியவர்களின் முகவரி கிடைத்த இடத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். இரண்டு பேர் பதில் எழுதினார்கள்.

மகளின் பரிசோதனை முடிவு மழைக்காலத்தில் வந்தது. சிறுநீரில் புரதம் லேசாகப் போகிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். மகள் போனில், "லேசாத்தான்மா, நீ ஒண்ணும் கவலப்படாத," என்று இரண்டு தடவை சொன்னாள். போனை வைக்கும் முன், "நீ வேணும்னா பண்ணின? விடு," என்றாள். விடு என்று சொன்ன குரலில் களைப்பு இருந்தது.

சீல் அக்கா கணவரின் டாக்டரிடம் அட்டவணையைக் காட்டிக் கேட்டாள். அவர் முழுவதும் படித்தார். "இதனாலதான்னு என்னால எழுதித் தர முடியாது. இல்லன்னும் சொல்ல மாட்டேன். கால் வீங்குறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே நீங்க அந்தத் தண்ணிய நிறுத்தியிருந்தா இவர் இப்ப இங்க இருந்திருக்க மாட்டாரான்னு கேட்டா, தெரியாது," என்றார். தெரியாது என்ற அந்தச் சொல்லைச் சீல் அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். கணவரிடம் சொன்னபோது, "டாக்டருக்கே தெரியலன்னா நமக்கு எப்படித் தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பால்கனியில் போய் நின்றார். அவளோடு பேசினார், சாப்பிட்டார், மருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டார். முன்னைப் போல அவளைச் சீண்டுவதை மட்டும் விட்டுவிட்டார். சில நாள் சாயங்காலம் அவள் வேண்டுமென்றே நாற்பது படியைப் பற்றிப் பேச்செடுப்பாள். அவர் "ம்" என்பார்.

தெருவில் யாரோ எங்கேயோ மனுக் கொடுத்திருந்தார்கள். ஊராட்சியிலிருந்து ஆட்கள் வந்து ஆறு வீட்டில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். மூன்று கிணறுகளைப் பூட்டினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரியில் தண்ணீர் வந்தது. பட்டறை ஒரு மாதம் மூடியிருந்துவிட்டு, வேறு பெயரில் பலகை மாட்டித் திறந்துகொண்டது.

குளிர் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் அறையில் கணவருக்கு மூன்றாவது படுக்கையில் டெய்லர் அக்கா படுத்திருந்தாள். முதல் தடவை. ஊசி போட்ட கையைத் தன்னுடையது இல்லாத மாதிரி தள்ளி வைத்திருந்தாள். சீல் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"லிஃப்டு, இது எவ்வளவு நேரம்?" என்று டெய்லர் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு மணி நேரம். ஒரு ரவிக்கை தைக்கிற நேரம்."

"நான் ரெண்டு தைப்பேன்."

"அப்ப ரெண்டு."

கணவர் லேசாகச் சிரித்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்த சீல் அக்கா, உள்ளே போகாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே இருவரும் பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது. கால் குடைச்சல், நாக்கு வறட்சி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்ற விவரம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

முடிந்து வெளியே வரும்போது டெய்லர் அக்காவோடு யாரும் இல்லை. மருமகள் வேலைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு எட்டு வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் எல்லோருக்கும் அப்படித்தான் தலை சுற்றும். சீல் அக்கா எழுந்துபோய் அவள் முழங்கையைப் பிடித்தாள். டெய்லர் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கையை உதறவும் இல்லை. கணவர் பின்னால் மெல்ல வந்தார். மூன்று பேருமாகத் தாழ்வாரத்தைக் கடந்து, வாசல் சரிவில் இறங்கி, பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். பஸ் வர நேரமானது. வந்ததும் சீல் அக்கா அவளை ஏற்றிவிட்டு, ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்துவிட்டு இறங்கினாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து டெய்லர் அக்கா சாலையைப் பார்த்தபடி கேட்டாள்:

"அடுத்தது வியாழனா?"

"வியாழன்," என்றாள் சீல் அக்கா. "ஏழு மணிக்கே வந்துடணும்."

டெய்லர் அக்கா தலையை ஆட்டினாள். பஸ் கிளம்பியது.